படகு பெல்ட்டும் எட்டாம் வகுப்பு வட்டக் கணக்கும்



தறி ஓடுகிற ஊரில் பிறந்த நமக்குப் பெல்ட் புதிதில்லை. பெல்ட் அறுந்தால் தறி நிற்கும், அரை நாள் கூலி போகும், அவ்வளவுதான். கடலில் அப்படி இல்லை. படகு எஞ்சினில் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது அந்த ரப்பர் பெல்ட்தான். அது வழுக்கினால் பேட்டரி ஏறாது. விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், தண்ணீர் இறைக்கும் மின்பம்பு எல்லாம் ஒவ்வொன்றாய் அடங்கும். பல எஞ்சின்களில் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் எஞ்சினும் கொதித்துவிடும்.

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் (நம்மூர்த் தறிவீட்டுப் பிள்ளை) தடைக்காலத்தில் போன் செய்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் போகக் கூடாது. பழுது பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான். "சார், பழைய பெல்ட்டுல நம்பர் அழிஞ்சிடுச்சு. மேல டேப் வச்சு சுத்தி அளந்தேன், சரியா 44 இன்ச். ஏ 44 வாங்கிப் போட்டா லூசா நிக்குது. ஆல்டர்னேட்டரைக் கடைசி வரைக்கும் இழுத்துட்டேன். கடைக்காரர் ஏமாத்திட்டாரா சார்?"

கடைக்காரர் மேல் தப்பில்லை. ஏ 44 என்றால் உள்பக்கச் சுற்றளவு 44 அங்குலம். இவன் அளந்தது வெளிப்பக்கம். "எவ்வளவுடா வித்தியாசம் வரும், நீயே சொல்லு" என்றேன். போனில் சத்தமே இல்லை!

ஏ பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ. வட்டத்தின் ஆரம் 8 மி.மீ. கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? 2 × 3.14 × 8 = 50 மி.மீ. ஏறக்குறைய 2 அங்குலம். பெல்ட் சின்னதோ பெரியதோ, இரண்டு புல்லியோ மூன்றோ, இந்த 50 மாறாது. ஏனென்றால் எப்படிப் போனாலும் பெல்ட் மொத்தத்தில் ஒரு முழு வட்டம்தான் திரும்புகிறது. பூமியைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒரு மீட்டர் உயர்த்தினால் எவ்வளவு கயிறு கூட வேண்டும் என்று வகுப்பில் கேட்பேனே, அதே கணக்கு. விடை ஆறே கால் மீட்டர் என்றதும் நம்பாமல் சிரித்தீர்கள்.

ஆக அவனுக்கு வேண்டியது ஏ 42. ஆனால் வண்டி பெல்ட் சிலவற்றில் "13 × 1100 எல்ஏ" என்று இருக்கும். அது வெளிப்பக்க அளவு, மி.மீட்டரில். எந்தக் கணக்கில் நம்பர் போட்டிருக்கிறது என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும்.

பழைய பெல்ட்டே இல்லையென்றால்? ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளி, அங்கிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்தி, நீளாத கயிற்றைப் புல்லிக் காடியின் மேல்விளிம்பை ஒட்டிச் சுற்றி அளக்கலாம். வருவது வெளி அளவு. 50 கழித்தால் உள் அளவு.

அகலத்தையும் பார்க்க வேண்டும். பெல்ட் பிடிப்பது பக்கச் சுவரில், அடியில் அல்ல. காடியின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் உள்ளே இறங்கி வழுக்குகிறது என்று அர்த்தம். சுற்றிலும் கறுப்புத் தூள், ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்ற சத்தம் இரண்டும் அதே கதைதான். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டும் ஓரம் தின்றுபோகும்.

மாற்றும்போது எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டே பெல்ட்டைப் போட வேண்டும். கடப்பாரை, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் உள்ளே நூல் அறும். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கினால் சரி. அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும். புதுசு கொஞ்சம் இளகும், சில மணி நேரம் ஓடியபின் மறுபடி இறுக்கணும்.

தறி மோட்டாரிலோ மாவு மில்லிலோ பி பெல்ட் போட்டிருப்பவர்கள் 8-க்குப் பதில் 11 வைத்துப் பெருக்குங்கள். 69 வரும்.