குடி நீங்கா நிலம்

சென்ற அறுவடைக் காலத்தில், நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பும் வழியில், பாகூர் மூலநாதர் கோயிலருகே சற்றே நின்றேன். புதுவை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஊர் அது. கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள். ஊரைச் சுற்றிலும் ஏரி நீரால் விளையும் நெல் வயல்கள். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள் முதல் என் மனத்தில் கிடந்த கேள்வி ஒன்று அங்கே மீண்டும் தலைதூக்கியது: அரசு கொடுக்க, சமயம் பெற்றுக்கொள்ளும்போது, நடுவில் இருக்கும் ஏழை என்ன ஆகிறான்?

பாகூருக்கும் அக்கேள்விக்கும் தொடர்பு உண்டு. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விக் கழகத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. நிலைதாங்கி என்னும் தலைவன் மன்னனிடம் விண்ணப்பித்துப் பெற்ற கொடை அது. வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு இதனைக் கூறுகிறது. நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தரும நூல் எனக் கல்வித் துறைகளைப் பதினான்காக எண்ணுவது அக்கால மரபு. அறிஞர் மெய்ப்பொருளை ஆராயவும், அவர்கள் பசியின்றி வாழவும் அரசு வழி செய்தது. போற்றத்தக்க செயலே.

செப்பேட்டில் மன்னன் பெயர் உண்டு. கொடையாளி பெயர் உண்டு. எழுத்தை வெட்டிய பொற்கொல்லனின் பெயரும் உண்டு. ஆனால் ஏர் பிடித்தவர் பெயரை எழுதுவது அத்தகைய பட்டயங்களின் வழக்கமன்று. அறிஞர் உண்ட சோறு அவர்கள் விளைத்த நெல். எனினும் அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வேதக் கல்வியில் இடமில்லை.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. 910ஆம் ஆண்டில் அக்குயித்தேன் கோமகன் வில்லியம் பிரான்சு நாட்டில் குளூனி துறவுமடத்தை நிறுவினான். உலக அதிகாரம் எதுவும் அம்மடத்தில் தலையிடலாகாது என்று எழுதிக் கொடுத்தான். திருச்சபையின் சீர்திருத்தத்திற்கு அம்மடம் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் அந்தக் கொடைப் பட்டயத்திலேயே வயல், திராட்சைத் தோட்டம் ஆகியவற்றோடு ஆண், பெண் அடிமைகளும் சொத்தாகவே எண்ணப்பட்டனர்.

தமிழ்க் கல்வெட்டுகளில் இரண்டு சொற்கள் வருகின்றன: 'குடி நீக்கிய தேவதானம்', 'குடி நீங்காத் தேவதானம்'. முன்னிருந்த குடிகளின் உரிமையை விலக்கிவிட்டுக் கோயிலுக்குத் தந்த நிலம் ஒன்று. குடிகளின் உரிமை நீங்காமலே தந்த நிலம் மற்றொன்று. இரண்டுமே இறைவனுக்கு உரியவைதாம். ஆனால் அவை ஒன்றல்ல என்பதை அக்கால ஆட்சியாளர் அறிந்திருந்தனர். அறிந்ததனாலன்றோ இரு பெயர்கள்!

நீதி இல்லாத அரசு பெருங்கொள்ளைக் கூட்டத்தின் வேறல்ல என்பது புனித அகுஸ்தீனாரின் கருத்து. குருமடத்தில் இதை நாங்கள் ஆர்வத்தோடு விவாதித்தோம். அந்த அளவுகோலை அரசர்கள்மீது வைத்துப் பார்த்தோமே தவிர, எங்கள்மீது வைக்கவில்லை.

பல்லாண்டுகளுக்கு முன், நான் பொறுப்பேற்றிருந்த பங்கில் ஒரு பள்ளி இருந்தது. நிலம் கொடுத்த பெரியவரின் பெயர் வாசலில் சலவைக்கல்லில் இருந்தது. ஒருநாள் காலை, வயல் வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்தி தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தாள். இடங்கள் நிரம்பிவிட்டன என்றேன். அது பொய்யன்று. ஆனால் கடைசி நான்கு இடங்களை நிரப்பியவை செல்வாக்குள்ளோர் கொடுத்தனுப்பிய பரிந்துரைக் கடிதங்கள். “அடுத்த ஆண்டு பார்ப்போம், அம்மா” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “இந்தக் கட்டடத்துக்கு மண்ணு சுமந்தவங்க நாங்க, சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. அன்று மாலைத் திருப்பலியில் நான் ஏழைகளின் நற்செய்தியைப் பற்றியே மறையுரை ஆற்றினேன் என்பது இன்றும் என்னைச் சுடுகிறது.

நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆண்டவர் பெயரால் நிற்கும் நிலங்களே. அவை குடி நீக்கியவையா, குடி நீங்காதவையா? இந்தக் கேள்விக்கு விடை கல்வெட்டில் இல்லை. ஆண்டுதோறும் நாம் எழுதும் சேர்க்கைப் பட்டியலில் இருக்கிறது. பிற்காலத்தில் எனக்கு வாய்த்த பள்ளிகளில் பரிந்துரைக் கடிதங்களைப் பிரிக்குமுன், வாசலில் கடிதமின்றி நின்றவர்களை முதலில் அழைத்தேன். அதனால் சிலருடைய மனக்கசப்பையும் பெற்றேன். பழைய கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை.

பாகூர் வயல்களில் அன்று கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். செப்பேட்டில் உழவர் பெயர் இல்லையே என்று வருந்தியவாறு வண்டியில் ஏறினேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது: அந்தச் சிறுமியின் பெயரை நானும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.