துப்பாக்கி யாருடையது?

விழிதியூரில் நம் வீட்டுச் சுவரிலே ஓர் ஆணி உண்டு. அதிலே தொங்குவது கடவுள் படமல்ல. நம் தந்தையாரின் சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரர் 1954-இல் அகன்றனர். அத்தொப்பி மட்டும் புதுவை, காரைக்கால் காவலர் தலையிலே தங்கிவிட்டது. அதை அணிந்து உழைத்த காவலரின் மகன் நாம்.

கல்லூரியிலே பயின்ற நாளில் பகத்சிங் விழா மேடையிலே முழங்கினோம். துப்பாக்கியைப் புகழ்ந்தோம், காக்கி உடுத்தோரெல்லாம் ஆதிக்கத்தின் அடியாட்களே என்றோம். கைதட்டல் காதைப் பிளந்தது. கடைசி வரிசையில் இருந்த தந்தையார் மட்டும் கைதட்டவில்லை. வீடு திரும்பும் வழியில், "அன்னிக்கு அங்க செத்தது எத்தனை பேருப்பா?" என்றார். "ஒருவர்" என்றோம். அவர் மேலே பேசவில்லை.

அண்மையிலே நம் வகுப்பு மாணவனொருவன் கேட்டான்: "ஐயா, அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கி 60 லட்சம் டாலருக்கு விலைபோனதாமே?" உண்மைதான். பில்லி தி கிட் எனும் கொள்ளையனை 1881-இல் சுட்டு வீழ்த்திய ஷெரீப் பாட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் அது. சாராயக் கடையொன்றிலே காட்சிப் பொருளாயிருந்தது; அவர் மனைவி வழக்காடி மீட்டார்; 2021-இல் ஏலம் போயிற்று. காரெட்டோ 1908-இல் பிறர் குண்டுக்கு இரையானார். உடையவனைக் காக்கவில்லை துப்பாக்கி. விலை மட்டும் உயர்ந்தது!

"நம் நாட்டில் அப்படி உண்டா ஐயா?" என்றான் பையன். தேடினோம். பகத்சிங்கின் துப்பாக்கி கிடைத்தது; .32 கோல்ட், எண் 168896. வழக்கு முடிந்தபின், 1944-இல் பஞ்சாபின் பில்லூர் காவலர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. பின்னர் இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் காட்சியகத்தை அடைந்தது. அங்கே கறுப்பு வண்ணம் பூசப்பட்டு, பெயரற்றுக் கிடந்தது. 2016-இல் வண்ணத்தைச் சுரண்டினர், எண் தெரிந்தது. பின்னர் பஞ்சாபின் உசைனிவாலாவுக்குச் சென்றது.

தேடலிலே தந்தையார் கேள்விக்கும் விடை கிடைத்தது. 1928 டிசம்பர் 17, லாகூர். லாலா லஜபதிராய் சாவுக்குப் பழிதீர்க்கக் குறிவைக்கப்பட்டவன் ஸ்காட். ஆள் மாறி வீழ்ந்தவன் சாண்டர்ஸ். துரத்தி வந்த ஏட்டு சனன்சிங்கை ஆசாத் சுட்டார். அவனும் மாண்டான். வெள்ளையனல்லன், சம்பளத்துக்கு உழைத்த இந்தியன். செத்தவர் ஒருவரல்லர், இருவர்! மேடையிலே முழங்கிய நாம் அந்தப் பெயரை அறிந்தோமில்லை.

இதனால் பகத்சிங் சிறியவராகிவிட்டாரா? இல்லை, தோழர்களே. மனித உயிர் பறிக்க நேர்ந்ததற்கு வருந்துவதாக அவர் இயக்கமே சுவரொட்டி ஒட்டிற்று. 1930-இல் சிறையில் அமர்ந்து, தாம் ஏன் நாத்திகரானோம் என்பதை எழுதினார் அவர். வன்முறைக் கவர்ச்சி தம்மைவிட்டு அகன்று, தெளிந்த கொள்கை அவ்விடத்தைப் பிடித்ததையும் அதிலே கூறினார். 1931 மார்ச் 23-இல் தூக்கு. 29-ஆம் நாள் குடிஅரசில் பெரியார் தலையங்கம் தீட்டினார். பின்னர் அக்கட்டுரையைத் தமிழாக்கிய ஜீவாவும், வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதாயினர்.

எண்ணிப் பாருங்கள்! துப்பாக்கியைத் தன் பயிற்சிப் பள்ளியிலே வைத்துக்கொள்ள அஞ்சாத அரசு, சிறு நூலுக்கு அஞ்சியது. துப்பாக்கி கை மாறும். ஆளவந்தாரிடமே போய்ச் சேரும். கருத்தையோ பறிமுதல் செய்தாலும் பறிகொடுப்பதில்லை.

வீடு சென்று தந்தையாரிடம், "இருவர் அப்பா" என்றோம். சனன்சிங் பெயரையும் சொன்னோம். தொப்பியைப் பார்த்தபடி, "பிள்ளைங்களுக்கும் அதைச் சொல்லு" என்றார்.

சொல்கிறோம். பகத்சிங் படத்தை மாட்டும் இளைஞரே, அவர் கைத்துப்பாக்கியைப் பாடுமுன் அவர் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். வீரரை வணங்குவது எளிது. அவரைப்போல் வினவுவதே கடினம். பகுத்தறிவாளர்க்கு உரியது அக்கடினமே!