நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு விளம்பரத் தாள்கள் ஒரு மாதமாகக் கிடந்தன. ஒன்று ஹோண்டா என்எக்ஸ்500. இன்னொன்று ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450. ஒரு நாள் இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், மறுநாள் அதை. ஏழு வயது மகள் இரண்டிலும் இருந்த மலைகளுக்கு வண்ணம் தீட்டி முடித்துவிட்டாள். அப்போதும் நான் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எது கீழ விழுந்தா நீங்க தனியா தூக்குவீங்க?"

அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல.

நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். அம்மா இன்னும் தோட்டத்தில்தான், டிராக்டர் ஓட்டும் என் அண்ணனோடு இருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம். இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. மாதம் ஒரு முறையாவது போய்வருவேன். மனைவிக்குச் சனிக்கிழமைகளிலும் பள்ளி வேலை வந்துவிடும், கார் அவருக்கு வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது. ஆகவே எனக்கு மோட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு காலை, என் பழைய 250 சிசி வண்டியில் அந்தச் சாலையில் போனேன். முந்தின இரவு நல்ல மழை. மழையில் நனைந்த செம்மண்ணைப் பற்றித் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சோப்புத் தடவிய தரைதான். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஐம்பதில் போனேன். சிறு பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் முன் சக்கரம் வழுக்கியது. அடுத்த நொடி வண்டி என் இடது காலின் மேல் கிடந்தது.

கைப்பேசி தோள்பையில். பை கைக்கு எட்டாத தூரத்தில் தெறித்துக் கிடந்தது. எட்டியிருந்தாலும் அந்த இடத்தில் தொடர்பு கிடைக்காது. நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தேன். பிறகு ஒரு வங்காளதேசத் தொழிலாளி கப்சாயில் வந்தார். வண்டியைத் தூக்கி, என்னை மரத்தடியில் உட்கார வைத்து, சேற்றைத் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "பெலான்-பெலான், அபாங்."

கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆனால் என் மனைவியை இன்றும் உறுத்துவது கணுக்கால் அல்ல. நான் சேற்றில் கிடந்த அந்த நாற்பது நிமிடமும், நான் அம்மா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். அதுதான்.

அந்த வண்டிக்கு இப்போது பதினொரு வயது. நெடுஞ்சாலையில் லோரியை முந்த முயன்றால் மூச்சு வாங்குகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். 250 சிசிக்கு மேல் ஓட்ட பி2 உரிமம் போதாது என்பதால், கால் குணமானதும் பி முழு உரிமத்தையும் எடுத்து வைத்திருந்தேன். தார்ச்சாலையும் மண்சாலையும் இரண்டுமே போகும் வண்டி வேண்டும், ஆனால் மிகப் பெரிதாக இருக்கக் கூடாது. இப்படிக் கழித்துக் கழித்துத்தான் இந்த இரண்டில் வந்து நின்றேன்.

தாளில் பார்த்தால் இரண்டும் பங்காளிகள் போலத்தான். ஹோண்டா 471 சிசி, ஹிமாலயன் 452 சிசி. எரிபொருள் கலன் ஒன்றில் 17.5 லிட்டர், மற்றதில் 17. எடை இரண்டுமே 196 கிலோ, ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை! இருக்கை உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஹோண்டாவில் இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன். முன்னால் இரண்டு டிஸ்க் பிரேக். ஹிமாலயனில் ஒரே சிலிண்டர், 40 குதிரைத்திறன், முன்னால் ஒரு பெரிய டிஸ்க். நீண்ட தூரம் சீராக ஓட இரட்டைச் சிலிண்டர் சுகம். ஒற்றைச் சிலிண்டரின் இழுவையோ மெதுவான வேகத்திலும் மேட்டில் கைகொடுக்கும். ஹிமாலயனின் முன் சக்கரம் 21 அங்குலம், ஹோண்டாவுக்கு 19. சக்கரம் பெரிதானால் குழியில் இறங்காமல் அதன் மேலேயே உருண்டு போகும். ஹிமாலயனின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அமுங்கி எழும், அடிப்பாகம் தரையிலிருந்து 230 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். ஹோண்டாவில் இவை எல்லாமே குறைவு. மண்ணில் பின் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்ஸை நிறுத்திவைக்கும் வசதியும் ஹிமாலயனில் உண்டு, ஹோண்டாவில் இல்லை.

மனசு ஹிமாலயன் பக்கம்தான் சாய்ந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்ஃபீல்ட் இங்கிலாந்தில் பிறந்த பெயர் என்றாலும், 1955இல் மதராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கிய பிறகு அது நம்ம ஊர் வண்டியாகிவிட்டது. இன்றும் சென்னைப் பக்கம்தான் தயாராகிறது. தமிழ் பேசும் கைகள் முடுக்கிய வண்டி என்று நினைத்தாலே எனக்கு ஒரு பெருமை. மனைவியிடம் சொன்னேன். "பெருமை வந்து வண்டியைத் தூக்குமா?" என்றார்.

சரி, தூக்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். விற்பனைக் கடையில் வண்டியைக் கீழே சாய்க்க விடுவார்களா? நண்பன் ஒருவன் ஹிமாலயன் வைத்திருக்கிறான். வேலையிடத்தில் ஓர் அண்ணன் ஹோண்டா வைத்திருக்கிறார். இருவரையும் வீட்டுக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் நண்பன், "டேய், நீ வாங்குறதுக்கு என் வண்டியைப் படுக்கப் போடணுமா?" என்று கத்தினான். மகளின் பழைய மெத்தையைப் புல்லில் விரித்த பிறகுதான் சமாதானமானான்.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இயந்திரத்தை அணைத்து, வண்டி உருளாதபடி கியரில் போட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் பக்கவாட்டுத் தாங்கியை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலை விழுந்த பக்கமாக முழுதும் திருப்பி, இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்த வேண்டும். ஒரு கையில் கீழே கிடக்கும் ஹேண்டில் பிடி, மறு கையில் பின்புறக் கம்பி. முதுகை வளைக்காமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தே எழ வேண்டும். பலம் காலில்தான், கையில் அல்ல.

நான் இரண்டையும் தூக்கிவிட்டேன். பிறகு மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ஹோண்டாவை இரண்டாவது முயற்சியில் நிறுத்தினார், ஹிமாலயனை மூன்றாவதில். அண்ணன் கை தட்டினார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, கால் அடியில மாட்டிக்கிட்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக் குந்த வேண்டிய ஆளே வண்டிக்கு அடியில் கிடந்தால், 196 கிலோவும் ஒன்றுதான், 96 கிலோவும் ஒன்றுதான். எது தூக்க எளிது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதில் நான் விழாமல் இருப்பேன் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அதற்கு விடை தேடி இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, பழைய வண்டியில் மூன்று மாதம் ஓடிய தூரத்தை ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். ஷா ஆலாமில் உள்ள வேலையிடத்துக்குப் போய்வந்தது 1,980 கிலோமீட்டர். அம்மா வீட்டுக்கு மூன்று பயணம், 1,500. நண்பர்களோடு உலு சிலாங்கூர் பக்கம் ஒரு நாள், 160. மொத்தம் 3,640. அதில் மண்சாலை எவ்வளவு என்று கூட்டினேன். 62 கிலோமீட்டர். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. தாளில் இருந்த மலைகளைப் பார்த்து நான் கண்ட கனவு முழுவதும் அந்த 62 கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

இரண்டாவது, இரண்டு வண்டிகளையும் கடன் வாங்கி, அடுத்தடுத்த வாரங்களில் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

முதலில் ஹிமாலயன். நெடுஞ்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 110 வேக வரம்பில் ஓடும். ஆனால் தாப்பா பக்கம் மழை பிடித்துக்கொண்டபோது, நீளமான லோரியை முந்துவதற்கு முன்பு கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. செம்மண் சாலையில் நுழைந்ததும் கதையே வேறு. கால்மிதியில் எழுந்து நின்றேன். நான் சிறு வயது முதல் பெயர் சொல்லி அறிந்த குழிகளெல்லாம் காணாமல் போய்விட்டன. சிரித்துக்கொண்டே ஓட்டினேன். சிறு பாலத்து வளைவு வந்தபோது தற்செயலாக வேகமானியைப் பார்த்தேன். அறுபது.

நான் விழுந்த அன்று ஐம்பதில்தான் போனேன்.

வண்டியில் எந்தத் தப்பும் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் என் சிக்கல். அன்று தரை காய்ந்திருந்தது. ஈரமாக இருந்திருந்தால்? 21 அங்குலச் சக்கரமும் சேற்றில் வழுக்கத்தான் செய்யும்.

அடுத்த வாரம் ஹோண்டா. ஈப்போ வரை அது ஓடியதே தெரியவில்லை. லோரியை முந்த நினைத்தால் முந்திவிட்டது, நிறுத்த நினைத்த இடத்தில் நின்றது. கை மரத்துப்போகவில்லை. செம்மண்ணில் நுழைந்ததும் முதல் குழியே மணிக்கட்டில் வந்து பேசியது. இரண்டாவது குழியில் வேகத்தைக் குறைத்தேன். வளைவுக்கு வரும்போது இருபத்தைந்து. நான்கு கிலோமீட்டரைக் கடக்கப் பத்து நிமிடம் ஆனது. அறுபதிலேயே போனால் நான்கு நிமிடம். வித்தியாசம் ஆறு நிமிடம்.

அன்று அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது முடிவு தானாக வந்தது. மண்சாலையில் வண்டிக்கு இருக்கும் குறையை, மெதுவாகப் போய் நான் சரிக்கட்டிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் அது முடியாது. பின்னால் லோரி வரும்போது, மழையில், "எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடு" என்று யாரிடம் கேட்பது? நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். என் ஆபத்தில் பெரும்பங்கு செம்மண்ணில் இல்லை, நான் தினமும் போகும் தாரில் இருக்கிறது.

ஹோண்டாவை வாங்கினேன்.

ஹிமாலயன் வேண்டாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு செய்ய வேண்டாம். என் நண்பன் வாரம் தவறாமல் காட்டுப் பாதைகளுக்குப் போகிறவன், எப்போதும் இரண்டு மூன்று பேராகப் போகிறவன். அவன் நோட்டில் கணக்கு வேறு மாதிரி வரும். அவனுக்கு அதுதான் சரியான வண்டி. இந்தப் பக்கத்தைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கடைக்குப் போகும் முன்பு மூன்று மாதம் ஒரு நோட்டு எழுதுங்கள். போக ஆசைப்படும் சாலையை அல்ல, போய்வரும் சாலையை எழுதுங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவரையும் ஒரு கேள்வி கேட்க விடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. கைப்பேசி பையில் அல்ல, சட்டைப் பையில். தொடர்பு அறுந்துபோகும் தோட்டத்து முச்சந்தியில் நின்று மனைவிக்கு ஒரு செய்தி. அம்மா வீட்டுக்குப் போனதும் இன்னொரு செய்தி. நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் அவர் அண்ணன் வீட்டுக்கு அழைப்பார், அண்ணன் டிராக்டரை எடுப்பார். இதுவரை டிராக்டருக்கு வேலை வரவில்லை.

புது வண்டியில் முதல் முறையாகப் போன அன்று அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அப்பா இருந்த வரை முப்பது ஆண்டுகள் இதே சாலையில் ஹோண்டா கப்தான் ஓட்டினார். முன்னால் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் அரிசிப் பை. அப்பா இருபதைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

"சத்தம் கேட்டு எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா?" என்றார் அம்மா. "இவ்வளவு பெரிய வண்டி வாங்கிட்டு, உங்கப்பா கப்புல வந்த வேகத்துலதானே வர்ற?"

"ஆமாம்மா" என்றேன். கிள்ளானுக்குச் செய்தி அனுப்பிவிட்டு உள்ளே போனேன். தோசை சூடாக இருந்தது.