எடைமேடையில் தொலையும் உழைப்பு

கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் வட்டாரத்து மண் இரண்டு எரிபொருள்களைத் தருகிறது. ஒன்று நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரி. மற்றொன்று, செம்மண் மேட்டு முந்திரித் தோப்புகளிலிருந்து லாரி ஏறும் விறகு. நிலக்கரிக்கு 1956 முதல் ஒரு பொதுத்துறை நிறுவனம் இருக்கிறது. அதன் நிரந்தரத் தொழிலாளிக்கு ஷிப்ட் நேரம் உண்டு, வைப்புநிதி உண்டு. விறகு பிளக்கிறவருக்கு வருகைப் பதிவேடுகூடக் கிடையாது. தோப்புகளிலும் விறகுத் தொட்டிகளிலும் இந்த வேலையைக் கவனித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. விறகுவெட்டிக்குக் கூலி குறைவு என்பதோடு சங்கதி முடியவில்லை. அவருடைய உழைப்பை எதை வைத்து அளக்கிறோமோ, அந்த அளவுகோலே பிழையானது.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். முந்திரி, சவுக்கைப் போல நெட்டுக்கு வளரும் மரம் இல்லை. தரையோடு தாழ்ந்து, வளைந்து, கிளைக்குள் கிளையாகப் படரும். கிளைகளைக் கழித்து, மிலாறைத் தனியே ஒதுக்கி, அடிமரத்தைத் துண்டு போடுவதுவரை இப்போது மெஷின் ரம்பம் உதவுகிறது. அதற்குப் பிறகு கோடாலிதான். துண்டை நிறுத்தி, வெட்டு முகத்தில் வெயில் விழுத்திய வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். முதல் வெட்டு அந்த வெடிப்பில் விழ வேண்டும். கணு இருக்கும் பக்கத்தில் ஓங்கினால் கோடாலி சிக்கிக்கொள்ளும். அதைப் பிடுங்கும் பாடு, இரண்டு துண்டு பிளக்கிற பாட்டுக்குச் சமம். நார் முறுக்கிக் கிடக்கிற தூர்க்கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். ஓங்கும்போது கைகள் உயர்கின்றன. இறங்கும்போது முழங்கால் மடிந்து உடம்பின் பாரம் முழுவதும் கோடாலியோடு சேர்கிறது. தோள்பலத்தை மட்டும் நம்புகிறவர் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடுவார். பிளந்ததைக் காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. உள்ளங்கையில் சிராய் ஏறுவதை அவர்கள் ஒரு காயமாகவே கணக்கில் வைப்பதில்லை. இத்தனையும் ‘கூலி வேலை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அப்படிப்பட்ட ஒரு டன் மரத்தைப் பிளந்து, ஈரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்வரை காயவைத்தால் எஞ்சுவது 625 கிலோ. எடை இவ்வளவு இறங்கினாலும் அடுப்புக்குக் கிடைக்கும் வெப்பம் இறங்குவதில்லை, சற்றுக் கூடவே செய்கிறது. பச்சை விறகில் எரிகிற சூட்டின் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. காய்ந்த விறகில் அந்தச் செலவு சொற்பம். மரம் விரைவில் காய்வதற்குக் காரணம் பிளப்பதுதான், பட்டை மூடிய முழுக்கட்டையிலிருந்து ஈரம் எளிதில் வெளியேறாது. ஆகவே நன்றாகப் பிளந்து, நன்றாக அடுக்குகிறவர் நல்ல எரிபொருளை உண்டாக்குகிறார். கூலியோ டன்னுக்கு இவ்வளவு என்று லாரி ஏறும் நாளில் எடைமேடையில் தீர்மானமாகிறது. லாரி பத்து நாள் தாமதித்து வந்தால், வெயில் உறிஞ்சிய தண்ணீருக்கான நஷ்டம் வெட்டியவர் தலையில் விழுகிறது. அதே பத்து நாளில் விறகின் தரம் உயர்ந்த லாபம் வேறொருவருக்குப் போகிறது. பக்கத்திலேயே நெய்வேலியில், வெட்டியெடுத்த நிலையில் பாதி ஈரம் கொண்ட பழுப்பு நிலக்கரி கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோ கலோரி தருகிறது. அனல்மின் நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ கலோரி செலவானது என்று கணக்கு வைக்கிறது. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 3,000 கிலோ கலோரிக்கு மேல் தரும். வெப்பத்தில் அந்தப் பழுப்பு நிலக்கரியை மிஞ்சும் இந்தப் பொருளுக்கு மட்டும் வெறும் பாரத்தை வைத்துக் கூலி கொடுக்கிறோம்.

வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்த பிறகு விறகைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். சமையலறைப் புகையிலிருந்து பெண்கள் விடுபட்டது பெரிய நன்மை; விறகு அங்கே திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பக் கூடாது. ஆனால் செங்கல் சூளையும் கல்யாணச் சமையலும் சுடுகாடும் இன்னும் விறகைக் கேட்கின்றன. கேட்கிறவரை பிளக்கிறவரும் இருப்பார். மரம் வெட்டுவதே பாவம் என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ப்பு ஓய்ந்த முந்திரியை வெட்டிப் புதுக்கன்று வைப்பதும், சில ஆண்டுகளில் அறுவடையாகும் சவுக்கும் வேளாண்மையின் பகுதி. காட்டை அழிப்பதோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது, விழுந்ததை அறுத்து அகற்றி நிலத்தை மறுபடி நடவுக்கு மீட்டதும் இதே கோடாலிகள்தான். வியாபாரிகள் சொல்லும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது: மழை, லாரி வாடகை, விலைச் சரிவு எல்லாவற்றையும் தாங்குகிறவர்கள் தாங்கள்தான் என்கிறார்கள். அது உண்மை. அந்த ஆபத்துக்கு உரிய லாபத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். காய்வதால் குறையும் எடையை மட்டும் கூலியில் கழிக்க வேண்டாம். வெட்டிய அன்றே அளந்து, பிளப்பதற்கும் அடுக்குவதற்கும் தனித்தனி விகிதம் பேசிச் சீட்டெழுதிக் கொடுக்க எந்த இயந்திரமும் தேவையில்லை.

சீட்டு ஏன் அவசியம் என்பதற்கு வடமாவட்டங்களில் சாட்சி இருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்கள் இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். கம்மாபுரத்து வேலையும் அத்தகையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு, எடை தெரியாமல், எழுத்தில் எதுவும் இல்லாமல் உழைக்கும் எந்த இடத்திலும் கடன் எப்போது தீர்ந்தது என்று சொல்லும் அதிகாரம் கடன் கொடுத்தவரிடமே இருக்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறது. மீட்கப்படும் நாளில்தான் அந்தப் பாதுகாப்பு கைக்கு வருகிறது; எடைச்சீட்டோ மரம் வெட்டிய அன்றே வந்துவிடும்.