நிற்பதற்கென்று ஒரு பாய்

கார்ன்வால் கடற்கரையில் கைத்தூண்டிலால் மீன் பிடிக்கும் சிறு படகுகள் சிலவற்றின் கடைக்கோடியில் இன்றும் ஒரு குட்டைப் பாய்மரம் நிற்கிறது. டீசல் எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. பிறகு எதற்குப் பாய்? அதைக் கேட்டுத்தான் ஃபால்மத் பக்கத்தில் பாய் தைக்கும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அங்கே பேச்செல்லாம் மீனவரின் முதுகையும் முழங்காலையும் பற்றியே இருந்தது.

தரையில் விரித்துக் கிடந்த துணி ஒரு பழைய படகுக்கானது. ஒரு காலத்தில் கப்பலில் தொங்கிய உயிர்காப்புப் படகு. எஞ்சின் வைத்து மீன்பிடிக்கு மாற்றியிருந்தார்கள். இவ்வகைப் படகுக்கு அடிவயிறு உருண்டை. அலைக்கு விலா காட்டி நின்றால், ஒரு கை எப்போதும் படகைப் பிடித்துக்கொள்ளவே போய்விடுகிறது என்றார் படகுக்காரர். கானாங்கெளுத்திக்குத் தூண்டில் போட இரண்டு கையும் வேண்டும்.

படகை ஓட்டும் பாய்க்கு ஓரத்தை லேசாக வளைத்து வெட்டுவார்கள். காற்றுப் பட்டதும் அது குழிந்து படகை இழுக்கும். இந்தப் பாய்க்கு அந்த வளைவே கூடாது. நடுக்கோட்டில் விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். படகு சாயும்போதெல்லாம் அந்தத் தட்டைத் துணி காற்றைத் தள்ளிக்கொண்டுதான் சாய வேண்டும். அந்தத் தடையே ஆட்டத்தை அடக்குகிறது. பக்கக் காற்றும் ஒருபுறமாக அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காற்றில்லாமல் திரை மட்டும் உருண்டு வரும் நாளில் பாய் அடித்துக்கொள்ளுமே தவிர பெரிதாக உதவாது. துணியில் கத்தரி வைக்கும் முன்பே பாய் தைக்கும் அம்மா இதைச் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவர் வேலையை நம்பலாம்.

அவர் உள்ளங்கையில் தடித்த தோல்பட்டை. அதில் பதித்த உலோகத் தட்டால் முப்பட்டை ஊசியை உந்துகிறார். மெழுகிட்ட நூல் கனத்த துணியை முனகலோடு துளைத்துப் போகிறது. இழுவை முழுதும் மூலைகளுக்கே வந்து சேருவதால் அங்கே துணிமேல் துணி வைத்துத் தைக்கிறார். தையல் எந்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. நீண்ட தையல்களுக்கு அது, மூலைகளுக்குக் கைதான்.

பாய்மரத்தை நடுவது, படகு கட்டும் தச்சரான ஓடாவியின் பொறுப்பு. மேல்தளப் பலகையில் வெறுமனே திருகி வைத்தால் பலகை நெகிழ்ந்து தண்ணீர் கசியும். அதனால் பலகையைத் துளைத்து இறக்கி, அடியில் ஏராவோடு, அதாவது படகின் அடிமரத்தோடு, சேர்த்த கட்டையில் மரத்தின் காலை ஊன்றுகிறார். எவ்வளவு பின்னால் நட்டால் அவ்வளவு நல்லது. காற்று பின்பாயைத் தள்ளத் தள்ள, படகின் முன்முனையான அணியம் தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். பாய் பெரிதாகிவிட்டால் எஞ்சினில் போகும்போதும் படகு காற்றின் பக்கமே திரும்பத் துடித்துச் சுக்கான் பிடிப்பவரை ஓயவிடாது. பாய்மரத்தைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் வைத்த படகுகள் முன்னைவிட வெடுக்கென்று ஆடும் என்றும் ஓடாவி சொன்னார். உயரத்தில் இருந்த மரத்தின் எடை போனதும் ஆட்டத்தின் நிதானமும் போய்விடுகிறது.

படகை நிறுத்திவைக்கப் பின்னால் ஒரு பாய் என்பது புதிய யோசனை இல்லை. இந்தக் கரையின் பழைய பாய்ப்படகுகள் இரவில் மிதவலை விட்டதும் முன்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடும். பின்பாயை மட்டும் விட்டுவைத்து, வலையோடு காற்றுக்கு முகம் காட்டி மிதக்கும். 1910களில் எஞ்சின் வரத் தொடங்கிய பிறகு மற்ற பாய்கள் மெல்ல மெல்லப் போயின. பின்பாய் தங்கியது. அட்லாண்டிக்கின் மறுகரையில், மெய்ன் மாநிலத்தின் சிங்கிறால் படகுகளிலும் இப்படியொரு சிறு பாயைக் காணலாம்.

புதுத்துணி செங்காவி நிறம். ஆலையிலேயே சாயமேற்றிய பாலியஸ்டர். அந்த நிறத்துக்குப் பின்னால் நம் பக்கத்துச் சரக்கு இருக்கிறது: வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த அதைக் கொப்பரையில் காய்ச்சி, பருத்திப் பாயும் வலையும் மக்காதிருக்க முக்கி எடுத்திருக்கிறார்கள் இங்குள்ள மீனவர்கள்.

வெள்ளோட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் படகு உருண்டது, நிற்க முடியவில்லை. எஞ்சினைத் தணித்துப் பாயை ஏற்றி இறுக்கினார்கள். அணியம் காற்றை நோக்கி வந்தது. ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் அடுத்த அசைவு எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரிந்தது. படகுக்காரர் இரண்டு கையாலும் தூண்டில் கயிற்றை இறக்கினார். பாய் தைத்த அம்மா மீனைப் பார்க்கவே இல்லை. பாயின் பின்னோரம் துடிப்பதைக் கவனித்து, எங்கே இரண்டு விரல் அளவு குறைக்க வேண்டும் என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டிருந்தார்.