வாதி ஆஜரில்லை

உரிமையியல் வழக்கு தீர்ப்பின்றியே முடிந்துபோகும் வழிகளுள், தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் அன்றாடம் காணப்படுவது, வழக்கு தொடுத்த வாதி விசாரணை வாய்தாவில் வராததால் ஏற்படும் தள்ளுபடியாகும். டவாலி வாசலில் நின்று மூன்று முறை பெயர் கூப்பிட்டும் பதில் இல்லாதபோது, வழக்குக் கட்டில் நாள்தோறும் நடவடிக்கை பதியப்படும் குறிப்புத்தாளில் நீதிபதி ஓரிரு வரி எழுதுகிறார். பல ஆண்டு நடந்த வழக்கும் அத்துடன் கோப்பிலிருந்து இறங்கிவிடுகிறது.

அந்த வரியில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதைப் பொறுத்தே வாதியின் அடுத்த வழி அமைகிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளைப்படி, இரு தரப்பும் வராதபோது செய்யப்படும் தள்ளுபடி 3ஆம் விதியின் கீழும், பிரதிவாதி வந்திருக்க வாதி மட்டும் வராதபோது செய்யப்படுவது 8ஆம் விதியின் கீழும் வருகின்றன. முன்னதில் காலவரம்பு மிஞ்சியிருந்தால் வாதி புதிதாகவே வழக்குப் போடலாம். பின்னதிலோ, பிராதில் வியாஜ்யமூலம் எனக் குறிக்கப்படும் அதே வழக்குமூலத்தின் பேரில் புது வழக்கை 9ஆம் விதி தடுத்துவிடுவதால், தள்ளுபடியை நீக்கி வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரும் மனுவே வாதியின் கையில் எஞ்சுகிறது. ஆகவே பிரதிவாதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "வாதி ஆஜரில்லை, தள்ளுபடி" என்று மட்டும் எழுதப்படும் உத்தரவு, எந்த விதியின் கீழ் வருகிறது என்ற இன்னொரு வழக்கையே தோற்றுவிக்கிறது. வேலை மிகுந்த நாளிலும் அந்த ஒரு சொல்லை விடாமல் எழுதுவது நீதிபதியின் கடமையாகும்.

இந்த மீட்பு மனுவை 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 122ஆம் உறுப்புப்படி 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் 5ஆம் பிரிவு மனுவும் கூடவே தேவைப்படும். இவற்றின் உயிர் பிரமாணப் பத்திரத்தில் உள்ளது. மஞ்சள் காமாலை கண்டு நாட்டு வைத்தியம் பார்த்ததாகச் சொல்லும் வாசகம் எத்தனையோ பத்திரங்களில் ஊரும் பெயரும் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருவதால், உண்மையிலேயே காமாலை கண்டவரின் சொல்லும் எடுபடாமல் போகிறது. நல்ல பத்திரம், தள்ளுபடியான அந்த நாளில் வாதி எங்கே இருந்தார், வாய்தா தேதியை யார் எப்படிச் சொன்னார், தள்ளுபடி என்று தெரிந்தது எப்போது என்பவற்றை முதலில் சொல்லிவிட்டு, முப்பது நாளுக்குப் பிந்திய தாமதத்தைத் தனியே விளக்கும்.

பிழை வழக்கறிஞருடையதாக இருக்கும் இடங்களும் உண்டு. ரஃபீக் எதிர் முன்ஷிலால் என்ற 1981ஆம் ஆண்டு வழக்கில், வழக்கறிஞர் வராததால் தள்ளுபடியான மேல்முறையீட்டை மீட்டளித்த உச்ச நீதிமன்றம், தவறு செய்யாத கட்சிக்காரர் தம் வழக்கறிஞரின் தவறுக்காகத் துன்புறக் கூடாது என்று கூறியது. கட்சிக்காரரைக் காக்கும் இந்தத் தீர்ப்பு, பத்திரத்தில் தன் பிழையை மறைத்துக் கட்சிக்காரரின் உடல்நலத்தைக் காரணமாக எழுதும் வழக்கறிஞருக்கு எந்த அனுமதியும் தரவில்லை.

மீட்பு மனுவும் அழைக்கப்படும் நாளில் யாரும் வராவிட்டால் தள்ளுபடியாகக் கூடியதே; 9ஆம் கட்டளை நடவடிக்கைகளுக்கும் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் நடைமுறை பொருந்தும் என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் 141ஆம் பிரிவின் விளக்கத்தில் சேர்த்திருக்கிறது. அனுபவமுள்ள குமாஸ்தா அந்த வாய்தாவை அலுவலக டைரியில் குறித்து, முந்தின நாள் மாலையே கட்சிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, காலை பத்தரைக்கு நீதிமன்ற வாசலில் நிற்கும்படி சொல்லி வைக்கிறார்.