கியர் பல்லை உடைத்தது நான்தான்

2022 மார்ச் மாதம் என் லேத் மெசினின் கியர் பல் உடைந்தது. என்னிடம் வேலை பழகிய பொடியன் உடைத்துவிட்டான் என்று எங்கள் ஊரான உடப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது பொய். உடைத்தவன் நான்.

அந்த மாதம் எப்படி இருந்ததென்று இங்கே இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டொலர் இல்லை, டீசல் இல்லை. மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. முந்தல் களப்போரத்தில் இறால் வளர்ப்பவர்கள் பட்ட பாடு பெரியது. குளத்து நீரில் ஒட்சிசன் இரவெல்லாம் குறைந்து, விடியப்போகும் நேரத்தில்தான் மிகவும் கீழே இறங்கும். நீரை அடித்துக் காற்றூட்டும் சக்கரம் அந்நேரம் நின்றுவிட்டால் போட்ட முதல் முழுவதும் போய்விடும். அப்படியொரு சக்கரத்தின் கப்ளிங், துளை தேய்ந்து என்னிடம் வந்தது. நடுப் பார்த்துத் துளையைக் கடைந்து புஷ் அடிக்க வேண்டும். வேலைப் பொருளைப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கைக் கழற்றி நாலு தாடைச் சக்கை மாட்டினால்தான் அது நடக்கும். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும்.

என்னுடையது மைஃபோர்ட் எம்.எல்.7. 1946இல் இங்கிலாந்தில் வரத் தொடங்கிய, சிறு பட்டறைக்கு ஏற்ற மெசின். அதன் சக், தண்டின் மூக்கில் மரையில் ஏறி உட்காரும். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் களப்புமாக இருக்கும் ஊரில் உப்புக் காற்று அந்த மரைக்குள்ளும் போகும். அதனால் மாட்டும்போதெல்லாம் துடைத்து ஒயில் தடவ வேண்டும். பொடியனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதற் பாடமே அதுதான். அவன் ஒரு நாளும் தவறவில்லை. தவறியது நான். அந்த மூன்று தாடைச் சக்கைக் காய்ந்த மரையில் ஏற்றி, நெடுங்காலம் கழற்றாமலும் விட்டிருந்தேன். அன்றைக்கு அது அசையவேயில்லை.

மெதுவாகச் சுற்றுவதற்கு அந்த மெசினில் பேக் கியர் உண்டு. அதைப் போடும்போது கப்பியையும் பெரிய கியரையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டை விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் போட்டால் தண்டு எந்தப் பக்கமும் திரும்பாமல் இறுகி நிற்கும். இறுகிய சக்கைக் கழற்ற அது வசதியாகத் தெரியும். ஆனால் சக்கில் விழும் அடி முழுவதும் ஒன்றிரண்டு பற்களில் போய் இறங்கும். வார்ப்பிரும்புப் பல் அந்த அடியைத் தாங்காது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். “அண்ணே, மண்ணெண்ணெய் விட்டு ஊற வைப்போம், அவசரப்படாதீங்க” என்று அவன் சொன்னான். பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். சக் அசைந்தபோது கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். பல் உடைந்து தண்டுதான் திரும்பியிருந்தது.

கப்ளிங்கைத் தந்திருந்த பண்ணைக்காரர் வந்து கேட்டார். பொடியன் பக்கத்தில்தான் நின்றான். “இவன் பூட்டை விடாம கியரைப் போட்டுட்டான்” என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், மறுக்கவில்லை. தொழில் பழக்குகிறவரை மற்றவர் முன்னால் பொய்யர் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. அது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் சொன்னேன். சொன்ன பொய்க்குப் பொருத்தமாக அவன் சம்பளத்திலும் பிடித்தேன். சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

சக் பிறகு கழன்றது. ஊற வைத்து, தாடைக்கும் பெட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து, பெல்ட்டைக் கையால் பின்பக்கமாக இழுத்தபோது கழன்றது. அவன் சொன்னபடி பொறுத்திருந்தால் அன்றே ஊறத் தொடங்கியிருக்கும்.

வெளியிலிருந்து புதுக் கியர் எடுக்க வழியில்லாத காலம். உடைந்த இடத்தை அராவி, துளைத்து மரை வெட்டி, எஃகு ஆணிகளை வரிசையாக இறுக்கி, அதன் மேல் பித்தளையை உருக்கிக் கட்டினேன். நல்ல பல்லின் வடிவைத் தகட்டில் வெட்டி எடுத்து, அதை வைத்துப் பார்த்துப் பார்த்து அரத்தால் புதுப் பல்லைச் செதுக்கினேன். அது இன்றும் ஓடுகிறது. பொடியன் கெடுத்ததை அண்ணன் சரிக்கட்டிவிட்டார் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். பல்லை உடைத்ததைவிட இதுதான் எனக்கு இப்போது அதிகம் கூசுகிறது.

பிடித்த காசை அண்மையில் அவன் தாயிடம் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் காசை எண்ணவில்லை. சிலாபத்தில் மகன் வேலை கேட்டுப் போன இடத்தில், “உடப்பில லேத்த உடைச்சவன்தானே” என்று திருப்பி அனுப்பினார்களாம். அதைத்தான் சொன்னார். பண்ணைக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் என் பொய் அவரோடு நிற்கவில்லை, பட்டறை பட்டறையாகப் போயிருக்கிறது.

சிலாபம், முந்தல், புத்தளம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவர்களே, அவன் பெயரை இங்கே எழுதி மறுபடியும் பேச்சுக்கு ஆளாக்க மாட்டேன். என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். மரையைத் துடைக்காமல் அவன் ஒரு சக்கையும் மாட்டியதில்லை. நம்பி மெசினைக் கொடுக்கலாம்.